பிளேடுக்கு அந்தப் பக்கம்

அந்த மரப்பட்டறைக்குப் பெயர்ப்பலகை இருந்தது, யாரும் படித்ததில்லை. ‘இருபது விரல் பட்டறை’ என்றால்தான் தெருவில் வழி சொல்வார்கள். தச்சருக்குப் பத்து, அவர் மனைவிக்குப் பத்து. முப்பத்திரண்டு வருடம் அறுப்பு மெஷினில் நின்றும் ஒன்றுகூடக் குறையவில்லை. அந்தத் தொழிலில் அது லேசுப்பட்ட காரியமா?

அவர் பலகையைத் தள்ளுவார், அவள் பிளேடுக்கு அந்தப் பக்கம் நின்று வாங்குவாள். நீளவாக்கில் அறுத்தால் பலகை, பக்கவாட்டில் அணைத்து நிற்கும் ‘கைடு’ கட்டையை விட்டு இம்மியும் விலகக் கூடாது. குறுக்கே அறுக்கும்போது அதே கைடை ஒதுக்கிவிட வேண்டும். மறந்தால் அறுபட்ட துண்டு பிளேடுக்கும் கைடுக்கும் இடையில் சிக்கி நெஞ்சைப் பார்த்துப் பாயும். ஒல்லிச் சட்டத்துக்குக் கை கிட்டவே போகாது, தள்ளுகட்டைதான். அவளுக்கு ஒரே விதி: இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் தாங்க வேண்டும், இழுக்கக் கூடாது. “பலகை தானா வரும். இழுத்தா இவரு விரலும் சேர்ந்து வரும்” என்று பட்டறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துவாள். அவள் வாய்க்கு மட்டும் சுவிட்ச் கிடையாது என்று அவர் கேலி செய்வார்.

போன வருடம் அவளுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு மகளின் முகத்தை. ஆனால் மெஷின் ஓட ஆரம்பித்தால் போதும், தன் இடத்தில் வந்து நின்றுவிடுவாள், கை பிசகாது. டாக்டர் வேண்டாம் என்றார், மகள் கெஞ்சினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கே நிற்கும்வரை அவள் தன் பழைய மனைவிதான் என்று அந்த மனுஷன் பிடிவாதமாக நம்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை, பாதி அறுப்பில், அவள் பலகையைப் பிடித்து இழுத்தாள். அவர் அதை அமுக்கிப் பிடிப்பதற்குள், ஓடுகிற பிளேடுக்கு மேலாகக் கையை நீட்டினாள். முழங்காலால் சுவிட்சை இடித்து அணைத்தார். அவள் மணிக்கட்டுக்குக் கீழே அரை அங்குலத்தில் பிளேடு சுற்றி ஓய்ந்தது.

“ஏம்மா, என்ன பண்ற?”

“உங்க சட்டையெல்லாம் தூசிங்க. தட்டிவிடலாம்னு பார்த்தேன்.”

அவர் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“தப்பா ஏதாவது செஞ்சிட்டேனா?”

“இல்லம்மா. இனிமே நீ உள்ள வர வேண்டாம்.”

“அப்ப யாரு வாங்குவா?”

அவர் இரண்டு நாள் உட்கார்ந்து, உருளை வைத்த ஒரு தாங்கி செய்தார். உயரத்துக்கு அளவெடுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கை எந்த உயரத்தில் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டார். முற்றத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு மகளைத் துணைக்கு வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் தாங்கியை வைத்து முதல் பலகையைத் தள்ளினார். உருளை ஒழுங்காகவே வாங்கிக்கொண்டது. அது ஒழுங்காக வாங்கியதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மெஷினை அணைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தார்.

அவள் எழுந்து நின்று, இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டியிருந்தாள். “உக்காரும்மா” என்று மகள் தோளைத் தொட்டாள். அவள் கையை மடக்கவில்லை. பலகை இன்னும் வந்து சேரவில்லை.