ஆத்தாவின் உள்ளங்கால்

எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மகள் உள்ளங்காலை அழுத்தியதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. எங்கள் வீட்டில் அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும்தான் கூப்பிடுவோம். பர்மாவிலிருந்து காய்ச்சலோடு காரைக்குடி திரும்பியிருந்த அப்பச்சியின் உள்ளங்காலை வைத்தியர் கட்டைவிரலால் அழுத்தினார். அப்பச்சி அலறினார்.

“என்ன இப்படிக் கத்துறீக செட்டியாரே? இங்குட்டு வலிச்சா ஈரல் கெட்டிருக்குன்னு அர்த்தம்” என்றார் வைத்தியர்.

அடுத்த மாதமே மஞ்சள் காமாலையில் அப்பச்சி போய்விட்டார்.

பிறகொரு மத்தியானம், தூங்கிக்கொண்டிருந்த ஆத்தாவின் காலில் அதே இடத்தைப் பயந்து பயந்து அழுத்தினேன். “ஐயோ!” என்று துள்ளி எழுந்தாள்.

“நீயும் செத்துப்போவியா ஆத்தா?” என்று கட்டிக்கொண்டு அழுதேன்.

ஆத்தா காலைத் திருப்பி, நெருஞ்சி முள் ஒன்றைப் பிடுங்கிக் காட்டினாள். “அழாதடி. இதுதான் குத்தியிருக்கு.”

நான் நம்பவில்லை. வெகுநாள் வரை, விடிந்ததும் ஆத்தாவின் கண் மஞ்சளாகியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.