கீழத்திட்டுப் பாலத்துக்கு நாங்கள் ஏறிப்போன சாலை

எனக்குப் பேய் பிசாசு, அருள்வாக்கு, குறி கேட்பது எதிலுமே நம்பிக்கை இருந்ததில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மாமியார் செத்த வருஷம் பரணில் சத்தம் கேட்கிறது என்று வீடே நடுங்கியபோது, டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏறிப் பூனையை விரட்டியவள் நான். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம். ஆனால் பாதியில் எழுந்து போகாதீர்கள், ஏனென்றால் இதை நினைத்தால் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது.

திருமானூருக்குக் கீழே கொள்ளிடத்துக்கு நடுவில் இரண்டு திட்டுகள், மேலத்திட்டு, கீழத்திட்டு. எங்களுடையது கீழத்திட்டு. நெல்லும் கரும்பும் நன்றாகவே விளையும், கோடையில் மணலில் நடந்து கரைக்குப் போவோம், தண்ணீர் வந்தால் படகு, வெள்ளம் வந்தால் படகும் கிடையாது. நான் திட்டில் பால் சேர்த்துக் கரைக்குக் கொண்டுபோய் ஊற்றுகிறவள், அந்த ஆற்றை நான் திட்டாத நாளே இல்லை.

ஒரு வழியாகப் பாலம் வந்தது, கரையிலிருந்து மேலத்திட்டு, அங்கிருந்து எங்கள் திட்டு. வேலைக்காரர்களுக்குப் பால் ஊற்றியதால் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். தூண் நிற்க ஆற்றுக்குள் கிணறு இறக்குவார்கள். வட்டமாகக் கான்கிரீட் சுவர் எழுப்பி, உள்ளே இருக்கிற மணலைக் கிரேனால் அள்ள அள்ள அந்தச் சுவர் தன் கனத்திலேயே மண்ணுக்குள் இறங்கும், இறங்க இறங்க மேலே கட்டிக்கொண்டே போவார்கள், கெட்டிக் களிமண் தட்டுகிற வரைக்கும் ஒரு பக்கமும் சாயக் கூடாது. தூணுக்கும் உத்தரத்துக்கும் இடையில் ரப்பர் மெத்தை வைத்தார்கள், வெயிலில் பாலம் நீளும், குளிரில் சுருங்கும் என்று ஒரு சின்ன வயசு இன்ஜினியர் சொன்னார், நான் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். நல்ல பாலம், பாலத்தைக் குறை சொல்ல மாட்டேன், அதற்குப் பிறகு எத்தனையோ வெள்ளம் மோதியும் மயிரிழைகூட அசையவில்லை.

ஆனால் கரைப்பக்கம் சாலை போட்டார்கள், மேலத்திட்டுக்கு இறங்கச் சரிவு போட்டார்கள், எங்கள் பக்கம் மட்டும் பாலம் மூன்று ஆள் உயரத்தில் அந்தரத்தில் நின்றுவிட்டது. நிலம் எடுப்பதில் சிக்கல் என்றார்கள், அது வேறு கான்ட்ராக்ட் என்றார்கள், தேர்தல் முடியட்டும் என்றார்கள். ஆற்றுக்கு நடுவில் அத்தனை ஆழத்துக்குக் கிணறு இறக்கத் தெரிந்தவர்களுக்குத் தரையில் நாலு லோடு மண்ணைக் கொட்டத் தெரியவில்லை. வேலைக்காரர்கள் விட்டுப்போன இரும்பு ஏணியில்தான் பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

என் மகள் கவிதாவைப் பெரம்பலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம், அவள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். அவள் உண்டானபோது நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சம்பந்தியிடம் சொன்னேன், மழைக்காலம், பிரசவம் இங்கேயே நடக்கட்டும் என்று. அந்த அம்மா கேட்கவில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடப்பதுதான் முறை, மாற்றினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றார். "அதான் உங்க ஊருக்குப் பாலம் வந்துடுச்சே, பஸ்ல போறப்ப பாத்தேனே" என்று வேறு சொன்னார். பஸ்ஸிலிருந்து பார்த்தால் பாலம் நன்றாகத்தான் தெரியும், முனை தெரியாது. வளையல் போட்டுக் கூட்டிவந்துவிட்டோம்.

ஐப்பசியில் முக்கொம்பு அணையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அன்று சாயங்காலம், சொன்ன தேதிக்கு முன்னாலேயே கவிதாவுக்கு வலி வந்துவிட்டது. மழை இருட்டு, வயலெல்லாம் தண்ணீர். ஆம்புலன்சுக்குப் போன் செய்தால் பாலத்தின் மேல் உங்கள் முனை வரைக்கும் வருகிறோம், அங்கே கொண்டுவாருங்கள் என்றார்கள். கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து, என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு முருகேசன், முருகேசனின் தம்பிகள் இரண்டு பேர், நாலு பேரும் தூக்கினார்கள், நான் குடையைக் கவிதாவின் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் எதிரே வந்த ஒருவர், ஏணியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது, திரும்பிப் போங்கள் என்றார். எங்கே திரும்பிப் போவது, வீட்டில் என்ன இருக்கிறது? முருகேசன் முன்னால் நடந்தான், நாங்களும் நடந்தோம்.

முழங்கால் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று காலுக்கடியில் தண்ணீர் இல்லை. கெட்டித் தரை, ரோலர் ஓட்டிய மண் போல. கட்டிலின் முன்பக்கம் உயர்ந்தது, கவிதா கால்மாட்டுக்குச் சரிந்தாள், முருகேசன் திரும்பிப் பார்த்து, "பின்னாடி தோளுக்குத் தூக்குங்கடா, மேடு ஏறுது" என்றான். தூக்கினார்கள். இரண்டு பக்கமும் கல் அடுக்கியிருந்ததை மின்னல் வெளிச்சத்தில் நான் பார்த்தேன், தார் வாசனைகூட வந்தது. அது என்ன ஏது என்று யாரும் யோசிக்கவில்லை, வலியில் கத்துகிற பெண்ணை வைத்துக்கொண்டு யார் யோசிப்பார்கள். ஏறினோம், ஏறினோம், பிறகு காலில் கான்கிரீட் பட்டது. பாலத்தின் மேல் நின்றோம்.

எதிரே ஆம்புலன்ஸ் வெளிச்சம். டிரைவர் கதவைத் திறந்துகொண்டே, "எப்படிம்மா ஏறுனீங்க, ஏணி போயிடுச்சுன்னாங்களே" என்று கேட்டார். அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார், இருட்டில் ஒன்றும் தெரியவில்லை, தண்ணீர் சத்தம் மட்டும்தான். அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம், பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம். வார்டு வாசலில் ஒரு நர்ஸம்மா என்னைத் தடுத்து, காலைக் கழுவிவிட்டு வாருங்கள், செம்மண் அப்பியிருக்கிறது என்று சொன்னார். எங்கள் திட்டில் மணலும் வண்டலும்தான், செம்மண்ணுக்கு எங்கே போவது? ரோட்டுக்குக் கொட்டுகிற பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராவல் மண் போல இருந்தது. குழாயடியில் சிவப்பாகக் கரைந்து ஓடியதை நின்று பார்த்தேன்.

காலையில் என் வீட்டுக்காரரும் முருகேசனும் பாலத்தின் முனைக்குப் போய்ப் பார்த்தார்கள். சரிவும் இல்லை, கல்லும் இல்லை. கீழே கலங்கல் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

தண்ணீர் வடிந்ததும் நெடுஞ்சாலைத்துறை ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அங்கிருந்த அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தூக்கிக்கிட்டு ஏறி வந்திருக்கீங்கன்னா ஏதோ வழி இருக்குன்னுதானம்மா அர்த்தம்" என்றார். அவர் மேசையில் இருந்த டீயை எடுத்து மூஞ்சியில் ஊற்றாமல் வந்தேனே, அதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

ஊர்க்காரர்கள் அதற்கும் மேல். முருகேசன் பாலத்து முனைக்கு நேர் கீழே ஒரு கல்லை நட்டு மஞ்சள் துணி சுற்றினான், வழிகாட்டியம்மன் என்று பெயரும் வைத்தான். வெள்ளிக்கிழமை பொங்கல், எலுமிச்சை மாலை, ஒலிபெருக்கி. கல்லை நடுகிற அன்றே போய்க் கத்தினேன், ரோடு வரவேண்டிய இடத்தில் கோயில் கட்டுகிறீர்களே, இனி எவன் மண் கொட்டுவான் என்று. முருகேசன் சிரித்துக்கொண்டே, "அக்கா, நம்ம கால்ல ஏறுன ரோடு, நீங்களே நம்பலன்னா எப்படி" என்றான். நான் நினைத்தது போலவே ஆயிற்று. அடுத்த தடவை ஆபீசுக்குப் போனால், அங்கே கோயில் இருக்கிறது, தொட்டால் பிரச்சினையாகும் என்று புதுக் காரணம் சொன்னார்கள்.

மறு வருஷம் மழை நாளில், கரும்புக் கொல்லையில் முருகேசனைப் பாம்பு கடித்தது. அப்போது நாங்கள் மூங்கிலில் புது ஏணி கட்டிவைத்திருந்தோம், கட்டிலில் தூக்கிவந்த தம்பிகள் அங்கிருந்து தோளில் போட்டு ஏற்றியிருக்கலாம். அவன்தான் தடுத்திருக்கிறான். ஏணி வேண்டாம், கட்டிலை இறக்கி வையுங்கள், ரோடு வரும் என்று சொல்லியிருக்கிறான். கற்பூரம் ஏற்றிவிட்டு எல்லோரும் மழையில் நின்றிருக்கிறார்கள். எனக்குச் சேதி வந்து நான் ஓடிப்போய்க் கெட்ட வார்த்தையில் திட்டி அவனை ஏணியில் ஏற்றவைத்தபோது அவனுக்குக் கண் சொருகிவிட்டது. பாலத்தின் நடுவிலேயே உயிர் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து அவன் மனைவி ராணி பால் வாங்க வந்தாள். சொம்பை நீட்டாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நீங்க என்ன சொல்லி வேண்டிக்கிட்டீங்க?"

நான் உண்மையைச் சொன்னேன். எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை, வீட்டு வாசலிலிருந்து பாலத்து மேல் ஏறுகிற வரைக்கும், ரோடு போடாதவன் ஒவ்வொருவனையும் அவன் குடும்பத்தோடு சேர்த்து நாக்கூசத் திட்டிக்கொண்டேதான் வந்தேன், வேறு ஒரு வார்த்தையும் என் வாயில் வரவில்லை என்று.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நாங்க கும்புட்டோம்க்கா" என்றாள். "கடேசி வரைக்கும் கும்புட்டுக்கிட்டேதான் நின்னோம்."

அவள் சொம்பை வாங்கிப் பால் ஊற்றிக் கொடுத்தேன்.