திருப்பிப் போட்ட கல்

எங்கள் சமையலறைக்குக் கிரானைட் பார்க்க ஆண்கள் மூவர் ஜீப்பில் சேலத்துக்குப் போனார்கள். அப்பா, பெரியப்பா, மாமா. மூவரில் ஒருவர்கூட அதுவரை அடுப்பில் ஒரு செம்பு வெந்நீர் வைத்தவரில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஏற்காட்டில் எங்களைப் போன்ற சின்னக் காப்பித் தோட்டக்காரர்களின் வீடுகளில் அப்போது சிமெண்ட் மேடைதான்.

மாலையில் முறம் அளவுக்கு ஒரு மாதிரித் துண்டோடு திரும்பினார்கள். கன்னங்கரேலென்று பளபளத்தது. பெரியப்பா அதில் மீசையைச் சரிபார்த்துக்கொண்டார். அம்மா அதைப் பழைய மேடைமேல் வைத்து, ஈரம் சொட்டும் கஞ்சிச் சட்டியை அதன்மேல் இறக்கினாள். சட்டி மெல்ல வழுக்கிக்கொண்டே போய்த் தரையில் கவிழ்ந்தது. தவழ்ந்துகொண்டிருந்த தம்பியின் கைக்கு அருகில்தான் கஞ்சி ஆவி பறக்கக் கிடந்தது.

“பாத்தீங்களா? பன்னண்டு பேருக்கு ஆக்கற ஊடு, காலுக்கடியில குழந்தைங்க. பாலிஷ் வேண்டாங்க,” என்றாள் அம்மா.

“எல்லாம் போகப் போகப் பழகிரும்,” என்றார் அப்பா. பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வீட்டில் இல்லாத கல் நம் வீட்டில் இருக்க வேண்டும் என்பதில் அவர் குறியாக இருந்தார். வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஒரு பக்கம் பாலிஷ் போட்ட பெரிய பலகையே வந்து இறங்கியது.

மேஸ்திரி பதிக்க வந்த நாள், அப்பா அடிவாரம் வரை ஒரு வேலையாகப் போயிருந்தார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஸ்திரியிடம் போனாள்.

“ஏனுங்க, பளபளப்பு கீழ போகட்டுங்க. சொரசொரப்பு மேல வரட்டும்.”

“அய்யா கேட்டா நான் என்னங்க சொல்றது?”

“நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கெட்ட நேரம், அப்பா தனியாகத் திரும்பவில்லை. கல்லைக் காட்டுவதற்காக ரைட்டரையும் கையோடு அழைத்து வந்துவிட்டார். சாம்பல் பூத்தாற்போலக் கிடந்த மேடையைப் பார்த்ததும் அப்பாவின் முகம் செத்துவிட்டது. குனிந்து, கல்லைத் தாங்கும் சுவர்களுக்கு நடுவே அடியில் எட்டிப் பார்த்தார். பளபளப்பு முழுக்க அங்கே இருந்தது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணைத் தாழ்த்தவில்லை. திட்டு விழப்போகிறது என்று நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

“என்னங்க, கல்லுல மொகம் பாக்கலாம்னு சொன்னீங்க?” என்றார் ரைட்டர்.

அப்பா தொண்டையைச் செருமினார். “நாந்தானுங்க திருப்பிப் போடச் சொன்னேன். பாலிஷ்ல சட்டி நிக்காதுங்க. குழந்தைங்க இருக்கற ஊடு. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்கீங்க தெரியுது?”

“நொம்ப யோசனையான ஆளுங்க நீங்க,” என்று ரைட்டர் மேடையைத் தடவிப் பார்த்தார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. “இல்லீங்கப்பா, அம்மாதான...” என்று ஆரம்பித்தேன். அம்மா சட்டென்று ஒரு முறுக்கை எடுத்து என் வாயில் திணித்தாள். பிறகு திரும்பிக்கொண்டு, இருவருக்கும் காப்பி ஆற்றினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ரைட்டர் போன பிறகு அவளிடம் கேட்டேன். “அப்பாதான் திட்டவே இல்லையே, கல்லும் நீ சொன்ன மாதிரிதான கெடக்குது? அப்பறம் ஏம்மா அழுவுற?”

“ஒண்ணுமில்ல சாமி,” என்று சொல்லிவிட்டு மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அப்பா ஒரு பொய்யைச் சொல்லி அம்மாவைக் காப்பாற்றிவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். திட்டு விழுந்திருந்தால்கூட அது அம்மா சொல்லிப் போட்ட கல்லாகவே இருந்திருக்கும் என்பது ஏழு வயதில் எனக்கு எட்டவில்லை.