ஸ்பெயின்காரரின் வலது முழங்கால்

புஜைராவில் நான் ஐந்தாம் வகுப்பு படித்த ஆண்டில், ஸ்பெயின் நாட்டு ஸ்ட்ரைக்கர் ஒருவர் எங்கள் ஊர் கிளப்புக்கு ஆட வந்தார். ஐரோப்பாவின் பெரிய அணிகளில் ஆடி ஓய்ந்து வந்தவர்தான். ஆனாலும் சலூனில், பக்காலா மளிகைக் கடையில், பள்ளிப் பேருந்தில் எல்லாம் அவர் பேச்சே. அவர் அடித்த கோல்களை, தேதி, எதிரணி, நிமிடம், எந்தக் கால் என்று நான்கு பத்தியாக நோட்டில் எழுதிவந்தேன். இணையத்தில் இரண்டு இடங்களில் நிமிடம் வேறுபட்டால் மூன்றாவது இடத்தில் தேடிச் சரிபார்ப்பேன்.

அவருக்குக் கார் ஓட்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். நான் நோட்டும் கையுமாக எதிரே உட்கார்ந்துவிடுவேன்.

"போலீஸ்ல சேந்துரு பாப்பா. சோறு திங்க விடாம விசாரிக்கிற."

அப்படி விசாரித்ததில் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அந்த வாரம் திங்கட்கிழமை மாலை நாலரைக்கு ஸ்பெயின்காரரைத் துபாய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போயிருக்கிறார். வலது முழங்காலில் ஊசி. அந்த சீசனில் இனி ஆடுவதே சந்தேகம்.

"கிளப்புல மூணு பேருக்குத்தான் தெரியும். வெளிய போச்சு, என் வேலை கலாஸ்."

தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். அது அடுத்த திங்கட்கிழமை காலைவரை தாங்கியது. பேருந்தில் என் பக்கத்தில் நாகர்கோவில் பையன் ஒருவன். அவன் அப்பாவுக்கு அதே கிளப்பில் ஆபீஸ் வேலை.

"நாளைக்கு மேட்ச்ல அவருக்கு ரெண்டு கோல் உறுதி," என்றான்.

"அவர் ஆடவே மாட்டார்."

"ஆமா, ஒனக்கு போன் பண்ணிச் சொன்னாராக்கும்."

பின்சீட்டு முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. கிழமை, மணி, ஆஸ்பத்திரி, எந்த முழங்கால் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். யார் சொன்னது என்று கேட்டான். அதையும் பெருமையாகச் சொன்னேன்.

மறுவாரம் அவனே வந்து, "ஒங்க மாமா விசாவ கேன்சல் பண்ணிட்டாங்களாமே," என்றான். "இல்லை, லீவுல போறார்," என்று திருத்தினேன். வீட்டில் எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

செய்தி எங்கிருந்து கசிந்தது என்று மாமாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது, நானும் சொன்னதில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது.

கிளம்பும் நாளில் அவர் ரூமுக்குப் போனோம். அட்டைப்பெட்டி மூட மறுத்தது. நான் அதன்மேல் ஏறி உட்கார, அவர் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"எப்ப வருவீங்க மாமா? தேதி சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"எழுதாத பாப்பா. மாறும்."

பெட்டிக்குள் போர்வையும் இஸ்திரிப் பெட்டியும் இருந்தன. அவர் தினமும் சோறு வைத்த குக்கரை நான்தான் துணி சுற்றி எடுத்துக் கொடுத்திருந்தேன். ஒரு மாத லீவுக்குப் போகிறவருக்குக் குக்கர் எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.