ரயில் கதை நின்றுபோன நாட்கள்

என் வீட்டுக்காரர் பெங்களூருவில் வேலை முடித்து ரயிலில் திரும்பி வந்தால், கைகால் கழுவுவதற்கு முன்பே அன்றைய கதையை ஆரம்பித்துவிடுவார். கைக்குட்டை போட்டு மூன்று பேருக்கு இடம் பிடித்தவன், சீட்டாட்டத்தில் சண்டை போட்டுப் பங்காருபேட்டையில் சமாதானமானவர்கள் என்று தினமும் ஏதாவது இருக்கும். பாதி புளுகு என்று எனக்குத் தெரியும். பகலெல்லாம் தையல் மெஷின் சத்தத்தை மட்டுமே கேட்கிற எனக்கு, அதைக் கேட்டால்தான் பொழுது போன மாதிரி இருக்கும்.

போன வருஷம் டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். இவர் எதையும் அளவாகச் செய்கிற ஆள் இல்லை. போனில் எவனோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, சோறு, களி எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினார். காலையில் வெள்ளரிக்காய், ராத்திரி முட்டையின் வெள்ளைக்கரு. விடியும் முன் எழுந்து கூடத்தில் தண்டால் வேறு. எடை குறைந்தது, பொய் சொல்லக்கூடாது. கூடவே கதையும் நின்றது.

ஃபேன் சத்தம் போட்டால் கோபம். நான் குழம்பு தாளித்தால் கோபம். "இன்னா, எனுக்குக் காட்டிக் காட்டி துன்றியா?" என்று ஒருநாள் கேட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையல்கட்டில் உட்கார்ந்தேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை. இளைத்து வந்த மனிதரைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டிய நான், என் பழைய குண்டு மனுஷனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் அவர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து ஓய்ந்தபோது ஆட்டோவில் வந்து இறங்கினார். எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்க வேண்டியவர், கடைசி ஸ்டேஷனான மாரிகுப்பத்தில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் சுதாரித்திருக்கிறார். "முழிச்சிக்கினுதான் இருந்தேன். ஸ்டேஷன் வந்ததே தெரில," என்றார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இறங்குகிற ஸ்டேஷன்! அவர் முகத்தில் பயம் இருந்தது. எனக்கு அதைவிட அதிகம்.

மறுநாள் லீவு போடவைத்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த நர்ஸம்மா எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்தார். "வயித்தைக் காயப்போட்டா மூளை எப்படிங்க வேலை செய்யும்? கோவம் வராம பாட்டா வரும்?" அளவாகச் சாப்பிட்டு, தினமும் நடக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

அன்று ராத்திரி சின்னதாக ஒரு உருண்டை களியும் கீரைக் கடைசலும் வைத்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டார். இனி ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ இல்லை, நடைதான் என்று முடிவானது. இவரை நம்ப முடியாது என்று நானே போய்ப் பிளாட்பாரத்தில் நின்றேன். முதல் சில நாட்கள், மூடிக் கிடக்கும் தங்கச் சுரங்க ஷாஃப்டைத் தாண்டி, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டு ஓரமாக, இருவரும் வாயைத் திறக்காமல் நடந்தோம்.

பிறகு ஒருநாள், மேட்டைத் தாண்டும்போது தொண்டையைச் செருமினார்.

"ட்ரெய்ன்ல ஒரு ஆளு. கடலைக்காரன் வந்தாலே அவனாண்ட சண்டைக்குப் போவான். சீட்டாடுறவங்க சிரிச்சா, என்னைப் பாத்துதான் சிரிக்கிறீங்கன்னு கத்துவான். அவன் வந்தாலே எல்லாரும் தள்ளிப் போயி குந்திக்குவாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல் கேட்டேன்.

"அப்புறம் இன்னா ஆனான் அந்த ஆளு?"

"அவனா? அவன் பொண்டாட்டி தெனமும் பிளாட்பாரத்துல வந்து நிக்கறா. அவளாண்ட எப்டி சாரி சொல்றதுன்னு தெரியாம, கதை சொல்லிக்கினு நடந்து வரான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சொன்ன கதைகளிலேயே கொஞ்சம்கூடப் புளுகு இல்லாதது அது ஒன்றுதான்.