சோத்தாங்கைப் பக்கம்

எனக்கு அப்போது ஒன்பது வயது. என் வாப்பா சமையல்காரராகச் சேர்ந்திருந்த புத்தம்புதுக் கப்பல், உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து முதல் தடவையாகக் கிளம்பியது. பள்ளிக்கூடத்தில் அதை ‘எங்க கப்பல்’ என்றே சொல்லிவந்தேன். தெற்கே போகிற வழியில் அது எங்கள் காரைக்காலைத் தாண்ட வேண்டும். அப்போது மேல்தளத்தில் சோத்தாங்கைப் பக்கம் நின்று மஞ்சள் துண்டை ஆட்டுவதாக வாப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பக்கம்தானே கரை. ஒரே மாதிரி இரண்டு துண்டு வாங்கி, ஒன்றை என்னிடம் விட்டுப் போயிருந்தார். வலது இடது எனக்கு எப்போதும் குழம்பும். சாப்பிடுகிற கையை வைத்து அடையாளம் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

தம்பி பிறந்து நாற்பது நாள் ஆகாததால் உம்மா வாசலைத் தாண்ட முடியாது. மாமாதான் என்னை பைக்கில் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். ஊரே திரண்டு வரும் என்ற நினைப்பில் பெருநாள் கவுனைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அங்கே ஈ காக்கா இல்லை. யாருக்கு என்ன வந்தது, போவது என் வாப்பாதானே! மாமாவும் டீ குடிக்கப் போனார். போன இடத்தில் யாரிடமோ மாட்டிக்கொண்டார், அல்லது யாரோ அவரிடம் மாட்டிக்கொண்டார்கள்.

வெயில் தாழ்ந்தபோது தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. துண்டை எடுத்து ஆட்டினேன். அது நகரவே இல்லை. எனக்காகத்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று கை கடுக்கக் கடுக்க ஆட்டினேன். ஆடி அசைந்து திரும்பி வந்த மாமா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“அது நம்ம துறைமுகத்துக்கு வந்த கரிக்கப்பல்டி. முந்தாநாள்லேருந்து அங்கதான் நிக்கிது.”

வாப்பாவின் கப்பல் கண்ணுக்கெட்டாத தூரத்தில் எப்போதோ போயிருக்கும் என்றார். அழக்கூட வெட்கமாக இருந்தது. அத்தனை பெரிய கடலில் எனக்கென்று ஒருத்தரும் இல்லை.

மக்ரிப் தொழுகைக்குப் பிறகு, இருட்டும் நேரத்தில் ஃபோன் வந்தது. கோடியக்கரைப் பக்கம் டவர் கிடைத்ததாம். உம்மா பேசிவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

“பாத்தியாம்மா?”

“பாத்தேன் வாப்பா. மஞ்சத்துண்டு நல்லாத் தெரிஞ்சிது.”

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தினேன்.

“இருக்கேம்மா,” என்றார். “நானும் ஒன்னப் பாத்தேன்.”

என் பொய் பலித்ததில் எனக்கு ஏக நிம்மதி. அத்தனை தூரத்திலிருந்தும் அவருக்கு மட்டும் கண் தெரிந்திருக்கிறதே என்று ஆச்சரியமும் பட்டேன்.

மூன்றாம் நாள் நடுக்கடலில் எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. படகுகளில் இறங்கியவர்கள் பிழைத்தார்கள். வாப்பா அவர்களில் இல்லை.

சில மாதம் கழித்து, அவரோடு சமையலறையில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் வீடு தேடி வந்தார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். சமையல் ஆட்களுக்கு மேல்தளத்தில் கால் வைக்க அனுமதியே கிடையாதாம். அன்றைக்கு முதல் விருந்து வேறு, மூச்சுவிட நேரமில்லையாம்.

“காரைக்கால் நேரம் ஆச்சுன்னதும் வெங்காயத்த அப்படியே போட்டுட்டு, அடுப்படி ஜன்னல்ல நின்னு மஞ்சத்துண்ட ஆட்டிக்கிட்டே இருந்தாரு பாப்பா. அது இடதுபக்கம், வெறுங்கடல். கரை அந்தாண்ட இருக்கு பாய்னு சொன்னேன். தெரியும்ப்பான்னாரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோத்தாங்கை எது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கே அது மறந்துபோச்சு என்று ஓடிப்போய் உம்மாவிடம் சொன்னேன். உம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இதற்குப் போய் யாராவது அழுவார்களா என்று நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.