சாய்ந்த தரையில் பார்த்த ஆயில்

ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் கை வைக்கிற மெக்கானிக்குக் கட்டாயம் இருக்க வேண்டிய சாமான் "தெரியலீங்க" என்கிற ஒரு வார்த்தை. கொடைக்கானலில் பத்தொன்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் அது மட்டும் ஸ்டாக் இருந்ததே இல்லை. ஆள் வாயைத் திறக்கும் முன்பே பதில் சொல்லிவிடும் வியாதி உள்ளவர்கள், டாக்டரோ டெய்லரோ யாராக இருந்தாலும், இதைப் படித்து ஆறுதல் அடையலாம். உங்களைவிட மோசமானவன் ஒருவன் மலைமேல் இருக்கிறான்.

மஞ்சள் விளக்கு

வட்டக்கானலில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் செல்வி ஒருநாள் தன் பழைய ஆட்டோமேட்டிக் காரைக் கொண்டுவந்தார். மதுரை ரோட்டில் வேகமாகப் போனால் எஞ்சின் இரைகிறது, கடைசி கியர் விழவில்லை என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். படுத்தேன், தட்டினேன், ஆயிலை மோந்து பார்த்தேன். உள்ளே கிளச்சுத் தட்டு தேய்ந்துவிட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்று அறிவித்தேன்.

பட்டறையில் எலக்ட்ரிக் வேலை பார்க்கும் சேவியர் ஏறி உட்கார்ந்து, கியர் கம்பியின் பக்கவாட்டில் இருந்த சின்னப் பட்டனை ஒருதரம் அமுக்கினான். டேஷ்போர்டில் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் விளக்கு அணைந்தது. கடைசி கியரைத் தடுத்துவைக்கும் பட்டன் அது. செல்வியின் கைப்பை பட்டு எப்போதோ அமுங்கியிருக்கிறது. பாக்ஸை இறக்க எடுத்துவைத்த ஸ்பானரைத் திரும்பப் பெட்டியில் போட்டேன். செல்வி கோபப்படக்கூட இல்லை.

"அந்த லைட்டு எதுக்கு எரியுதுன்னு கேக்கத்தாங்கண்ணே வந்தேன்."

பூண்டிக்காரர்

இதோடு நான் திருந்தியிருந்தால் மேற்கொண்டு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

மேல்மலையில் பூண்டி என்ற ஊரில் பெருமாள் அண்ணன் வெள்ளைப்பூண்டும் கேரட்டும் போடுகிறவர். பூண்டு மூட்டை ஏற்றும்போது லாரி பின்னால் நகர்ந்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கிளச்சு மிதிக்கக் கால் இல்லாததால் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரைத் தேடி வாங்கினார். சந்தை, ஆஸ்பத்திரி, மகள் வீடு, எல்லாவற்றுக்கும் தானே ஓட்டிக்கொண்டு போவார். அந்த மலை ரோட்டில் அவர் வளைவு திரும்புவதை நின்று பார்க்கலாம், அவ்வளவு நிதானம்.

முதல் தடவை என் பட்டறைக்கு வந்தபோது, காலையில் குளிரில் எடுக்கையில் முன்னால் போகிற 'டி' கியர் போட்டால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கிளம்புகிறது என்றார். வண்டிக்கு வயசாகிவிட்டது, குளிர் வேறு, அதற்கு அவ்வளவுதான் அர்த்தம் என்றேன். வண்டியின் மேல் இவருக்கு ஏன் இத்தனை கவனம் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"காலு போனதுக்குக்கூட நான் அழுகல தம்பி, பஸ் ஏற இன்னொருத்தன் கையப் பிடிக்கணுமேன்னுதான் அழுதேன்."

அளவுக்கம்பி

எங்கள் ஊரில் சமதரை என்பது ஏரியின் தண்ணீர் மட்டும்தான். என் பட்டறை மேடேறும் ரோட்டோரம் இருக்கிறது. எந்த வண்டி வந்தாலும் மூக்கை மேலே தூக்கி நிறுத்தி, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். மலையில் எல்லாப் பட்டறையிலும் வழக்கம் இதுதான். எஞ்சின் ஆயில் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் வண்டி பொறுத்துக்கொள்ளும், அதனால் எனக்கு உறுத்தியதே இல்லை.

ஆட்டோமேட்டிக் பாக்ஸ் அப்படிப் பொறுக்காது. சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓட, சூட்டோடு அளவுக்கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் முதல் வரியே அதுதான். புத்தகம் பெருமாள் அண்ணன் காரில் இருந்தது, நான் அதன்மேல் ஸ்பானரை வைத்திருந்தேன். அன்றைக்கும் கல் கொடுத்த மேட்டிலேயே கம்பியை உருவினேன். ஆயில் கீழ்க்கோட்டைத் தொடவில்லை. ஒரு லிட்டர் ஊற்றினேன். கையைத் துடைத்துக்கொண்டு டீ குடித்தபடி திரும்பினால் சேவியர் சொன்னான்:

"கிளாஸ பெஞ்சுல வைக்காதீங்கண்ணே, நம்ம தரையில அது எங்க நேரா நிக்குது, வழுக்கிட்டு வந்துரும்."

தீர்ப்பு

ஒரு மாதத்தில் பெருமாள் அண்ணன் திரும்ப வந்தார். இப்போது ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி ஏற மாட்டேன் என்கிறது. அதே மேடு, அதே கல், அதே கம்பி. இன்னும் ஒரு லிட்டர். அடுத்த வாரம் லோடு வேனில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கம்பியில் நுரை. அளவுக்கு மேல் ஆயில் இருந்தால் உள்ளே கடைந்து நுரைத்து, கியர் பிடிக்காமல் வழுக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஊற்றியவன் நான்; என் கையை நானே சந்தேகப்படுவேனா?

"பாக்ஸ் போச்சுண்ணே. இந்த மாடலுக்கு இனி பாக்ஸ் கெடைக்காது. வந்த விலைக்குத் தள்ளிவிட்ருங்க" என்றேன். அவர் கக்கத்துக் கட்டையை ஊன்றி எழுந்து, டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தோள்துண்டால் துடைத்தார். வேறு யாரிடமாவது காட்டலாமா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன், கேட்டிருந்தால் எனக்குக் கோபம்கூட வந்திருக்கும்.

"நீங்க சொன்னா சரியாத்தான் தம்பி இருக்கும்."

ஆயக்குடியில் ஒரு டீ

அடுத்த மாதம் ஒரு சாமான் வாங்கப் பழனிக்கு இறங்கினேன். வழியில் ஆயக்குடி கொய்யாச் சந்தையில், பின் சீட்டு முழுக்கக் கொய்யாப் பெட்டி ஏற்றிக்கொண்டு பெருமாள் அண்ணன் தள்ளிவிட்ட அந்தக் கார் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குலுங்காமல் கிளம்பி, ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தது.

வாங்கின வியாபாரி இறங்கி வந்தார். ஓடாத வண்டியாகத்தான் வாங்கினாராம். சந்தைக் களத்துச் சமதரையில் நிறுத்திக் கம்பியை உருவினால், ஆயில் மேல்கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றதாம். இரண்டு லிட்டர் வடித்துவிட்டாராம், அவ்வளவுதான் வைத்தியம். என் மேட்டில் ஆயில் பின்பக்கம் ஒதுங்கிக் கம்பிக்கு எட்டாமல் போயிருக்கிறது. நானும் மெக்கானிக் என்று தெரிந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார். நான் அதைக் குடித்தேன். தலையை வேறு ஆட்டினேன். அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

"மலையில எவனோ ஒரு அறிவாளி ஊத்தியிருக்கான், ஆளு தெரிஞ்சா சொல்லுங்க, ஒருதரம் பாக்கணும்."

பக்கத்து சீட்டு

பூண்டிக்குப் போக எனக்குப் பதினோரு நாள் ஆனது. தினமும் ஒரு சோலியைக் காரணம் காட்டினேன். போனபோது பெருமாள் அண்ணன் பஸ்சுக்குக் காத்து நின்றுகொண்டிருந்தார், கைபிடித்து ஏற்றிவிட வேண்டிய அவருடைய அண்ணன் மகன் இன்னும் வந்திருக்கவில்லை. பஸ் வரும் முன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "அப்ப வண்டி நல்லாருக்கா?" என்று மட்டும் கேட்டார். ஆயக்குடிக்குத் திரும்பிப் போய், ஊற்றிய அறிவாளி நான்தான் என்று சொல்லி, வண்டியைத் திருப்பிக் கேட்டேன். வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நன்றாக ஓடுகிற வண்டியை யார் கொடுப்பார்கள்? முடியாது என்றுவிட்டார்.

அதே மாதிரி வேறொரு வண்டி தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் அமையவில்லை. அதுவரை சந்தை நாளில் விடிய வெள்ளனே என் வண்டியை எடுத்துக்கொண்டு பூண்டிக்குப் போகிறேன். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்கிறார். போன வாரம் ஒரு வளைவில், ஓட்டுவது சரியாக இருக்கிறதா என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவைத்தேன். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னார்.

"நல்லாத்தான் ஓட்டுறீங்க தம்பி, ஆனா நான் எப்பக் கெளம்பணும்னு நீங்கல்ல முடிவு பண்றீங்க."

பட்டறையில் ஒரு வண்டி நிற்கும் அளவுக்குத் தரையைச் சமமாக்கிக் காங்கிரீட் போட்டுவிட்டேன், இப்போது அங்கே டீ கிளாஸ் நேராக நிற்கிறது, நான்தான் இன்னும் அப்படி நிற்கப் பழகவில்லை.